கொழுந்துக்கு ஆய்வுகூடம், மண்ணுக்கு மழைமானி

வட்டகொடையில் கொழும்பு ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் தலவாக்கலை. அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கப்பட்ட நிறுவனம். நூறு வயதைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் விஞ்ஞானம் என்றால் லண்டன். செடிகொடிகளைப் பற்றிக் கேட்பதற்குக் கியூ பூங்கா இருந்தது. நோய்ப்பட்ட இலையைக் கப்பலில் அனுப்பினால் பதில் வரும். தேயிலைக்காரர்கள் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஏற்றுமதித் தேயிலையின் மேல் ஒரு சிறு வரி போட்டு, அந்தப் பணத்தில் இந்த மலையிலேயே ஆய்வு நடத்தினார்கள். தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு குளவி இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள், புழு அடங்கியது. 1946இல் கொப்புள நோய் வந்தபோது அதைப் பார்க்க ஆட்கள் இங்கேயே இருந்தார்கள். இந்த மண்ணின் புளிப்பையும் இந்தப் பனிமூட்டத்தையும் இங்கே இருந்துதான் படிக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொழுந்துக்கு இவ்வளவு செய்தார்கள். அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவள் இரவில் படுத்துறங்கும் லயன் எந்த மண்ணின் மேல் நிற்கிறது? அந்த மண் எத்தனை அடிக்குக் கீழே பாறையைத் தொடுகிறது? இரண்டுக்கும் நடுவே ஐப்பசி மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது? இதைக் கேட்டுக்கொண்டே இருப்பதைத் தன் வேலையாகக் கொண்ட பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்று நுவரெலியா மாவட்டத்தில் இல்லை.

இல்லாததுகூடப் பெரிதில்லை. அது தேவையே இல்லை என்று படித்தவர்கள் சொல்வதுதான் என்னை எழுத வைத்தது.

அவர்கள் சொல்வதை நியாயமாகவே எடுத்து வைக்கிறேன். நிலத்தைத் தோண்டாமல் மின்சாரம், அதிர்வு, காந்தம், ஈர்ப்பு ஆகியவற்றைக் கொண்டு அதன் உள்ளே இருப்பதை அறிகிற புவிப்பௌதிகவியல் பணக்கார நாடுகளின் படிப்பு. எண்ணெய்க் கம்பெனி உள்ள நாட்டுக்கு அது சரி, ஜப்பானைப் போல் நிலம் நடுங்குகிற நாட்டுக்குச் சரி, நமக்கு எதற்கு? மண்சரிவுக்குக் காரணம் மழை. மழையை அளந்தால் போதும். மேலதிகமாக வேண்டியது செய்மதிப் படத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய அணையோ சுரங்கமோ கட்டும்போது வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள். நம்முடைய பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தட்டும், பட்டம் கொடுக்கட்டும், ஆய்வு பிறகு. முதலில் சனங்களுக்கு வீடு வேண்டும்.

இதைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்கிறவர்களில் நான் மதிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த வாதம் அடியிலிருந்து நுனிவரை பிழை.

மழையிலிருந்து தொடங்குவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் இந்நாட்டில் மண்சரிவு எச்சரிக்கை விடுவது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. 100 ஆனால் எச்சரிக்கை. 150ஐத் தொட்டால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 கொட்டினால், வெளியேறச் சொல்கிறது. இந்த எல்லைகள் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. நான் அந்த நிறுவனத்துக்கு எதிராகப் பேசவில்லை. ஆனால் மழைமானி சொல்வது வானத்திலிருந்து விழுந்த தண்ணீரின் கணக்கை மட்டுமே. மலை சரிவது விழுந்த தண்ணீரால் இல்லை, உள்ளே தங்கிய தண்ணீரால். ஒரே மழையில் ஒரு மலை சரிகிறது, பக்கத்து மலை அப்படியே நிற்கிறது. இதை லயத்தில் வாழ்ந்த எந்தக் கிழவியும் சொல்வாள். பீலித் தண்ணீர் காரணமில்லாமல் கலங்கினால், ஊற்றே இல்லாத இடத்தில் ஊற்றுக் கண் திறந்தால், அடைத்த கதவு நிலையில் சிக்கினால், நேராக நின்ற சவுக்கு சாய்ந்தால், வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இவை அனைத்தும் நிலத்துக்குள்ளிருந்து வருகிற செய்திகள். மழைமானியில் இவை விழுவதில்லை.

உள்ளே பார்க்க வழி இருக்கிறது. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் நிலத்தில் அறைகிறார்கள். வெளியே உள்ள இரண்டில் மின்சாரம் விடுகிறார்கள். உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். ஈரக் களிமண் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கரும்பாறை கடத்தாது. கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். இப்படி ஒரு சரிவு முழுவதையும் அளந்து வரைந்தால், பாறை எங்கே, அதன் மேல் வழுக்கத் தயாராக இருக்கும் ஈர அடுக்கு எங்கே என்று ஓரளவு சொல்லலாம். சம்மட்டியால் ஓர் இரும்புத் தட்டில் அடித்து, அந்த அதிர்வு தூரத்திலுள்ள உணரிகளுக்கு வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டாலும் பாறையின் ஆழம் கிடைக்கும். க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைக்கு இரண்டின் அடிப்படையும் புரியும்.

பிறகு என்ன தடை என்று கேட்கலாம். ஒரு தடவை அளந்தால் போதாது என்பதுதான் தடை. மாசி வெயிலில் அளந்ததும் ஐப்பசி மழையில் அளப்பதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தில்தான் மலையின் குணம் தெரியும். ஒரே சரிவுக்கு ஆண்டுக்கு ஆறு முறை, பத்து ஆண்டு போய்வர வேண்டும். எந்த ஆலோசனைக் கம்பெனியின் ஒப்பந்தத்திலும் அது வராது. எச்சரிக்கை விடும் அரச நிறுவனத்துக்கு மாவட்டம் மாவட்டமாக ஓட வேண்டியிருப்பதால் அதற்கும் நேரம் இராது. மாணவர்கள் ஆண்டுதோறும் மாறினாலும் கேள்வி மாறாமல் இருக்கிற இடம் பல்கலைக்கழகம் ஒன்றுதான்.

செய்மதி பற்றிச் சொல்கிறவர்களுக்கு ஒரே பதில். மலைநாட்டின் மேல் மேகம் நிற்கிற மாதங்களில்தான் மண் சரிகிறது; சாதாரணப் படங்களில் அப்போது வெள்ளைதான் தெரியும். ராடார் செய்மதி மேகத்தை ஊடுருவும், உண்மைதான். ஆனால் நாளுக்கு நாள் வளர்கிற இலையும் செடியும் மூடிய சரிவில் அந்த அளவீடு குழம்பிவிடுகிறது. வறண்ட நாட்டில் கிடைக்கிற துல்லியம் இங்கே கிடைப்பதில்லை. எல்லாம் சரியாக அமைந்தாலும் செய்மதி பார்ப்பது மேல்தோலை. நோய் உள்ளே இருக்கிறது.

வெப்பமண்டலத்தின் நிலம் வேறு நிலம். இதைத்தான் நம் கல்விமான்களே மறக்கிறார்கள். கனடாவிலும் சுவீடனிலும் பனிப்பாறைகள் பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துப் போய், ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்தான் விலகின. அங்கே பல இடங்களில் பாறை மேலேயே கிடக்கும். நமது மலைநாடு பனிப்பாறையைக் கண்டதில்லை. சார்னொக்கைட், குவார்ட்சைட், பளிங்குக்கல் என்று வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறைகள், வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, பல மீற்றர் ஆழத்துக்கு மக்கிக் கிடக்கின்றன. கையில் எடுத்தால் மண். வெட்டிப் பார்த்தால் பாறையின் பழைய வரிகள் அப்படியே தெரியும். சில இடங்களில் அந்த வரிகள் சரிவின் பக்கமே சாய்ந்திருக்கும், தண்ணீர் புகுந்தால் சறுக்குமரம் போலாகிவிடும். பாறை எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத நிலம் இது. பனிநாட்டு நிலத்தை வைத்து எழுதிய பாடநூலின் அட்டவணையை இங்கே அப்படியே வைத்தால் பொருந்தாது. நமது சரிவுகளில் அளந்து நமது அட்டவணையை நாமே எழுத வேண்டும்.

நிபுணரை அழைத்தால் போதும் என்பவர்களுக்குச் சமனலவெவவும் உமா ஓயாவும் ஞாபகம் இருக்க வேண்டும். வளவை கங்கையின் மேல் வெளிநாட்டுப் பணத்தில், வெளிநாட்டு அறிவுரையோடு கட்டப்பட்டது சமனலவெவ அணை. வலது கரையின் மலைக்குள் சுண்ணக்கல் குகைகள் இருந்தன. நீர் நிரப்பத் தொடங்கிய 1992இலேயே மலைக்குள்ளாக நீர் பீறிட்டு வெளியேறியது. எத்தனையோ முயற்சிக்குப் பிறகும் அந்தக் கசிவை முழுதாக அடைக்க முடியவில்லை. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தைத் தோண்டியபோது, 2014 இறுதியில் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, காய்கறித் தோட்டங்கள் காய்ந்தன. 2017இல் மறுபடியும் அதே கதை. சனங்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

உள்ளூர் ஆய்வாளர் இருந்திருந்தால் இவை நடந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. மலைக்குள் என்ன இருக்கிறது என்பதில் எந்த நாட்டு ஆளும் ஏமாறக்கூடும். நான் சொல்வது ஏமாந்த பிறகு நடப்பதைப் பற்றி. நிபுணர் அறிக்கையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார். அவருடைய அளவுகள் அவருடைய கணினியோடு போகின்றன. அடுத்த திட்டத்துக்கு வருகிறவர் மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறார்; அதற்கும் நாம்தான் கடன் வாங்கிக் கட்டணம் கொடுக்கிறோம். எங்கள் காலடியிலும் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் ஓடுகிறது. 2012இலிருந்து அதில் தண்ணீர் போகிறது, 150 மெகாவாட் மின்சாரம் வருகிறது. அந்தச் சுரங்கத்தைக் குடைந்தபோது இந்த மலைகளின் உள்ளுறுப்பு முழுவதும் ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு தலைமுறை மாணவர்களுக்கு அது பாடசாலையாகியிருக்க வேண்டும்.

நிலம் நடுங்காத நாடு என்ற பேச்சுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று, இலங்கை நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் உடைந்தது. அலை நமது கிழக்குக் கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் உலக நிலநடுக்க வலையமைப்பின் கருவி ஒன்று அன்றும் இருந்தது. அதன் பதிவை இரவும் பகலும் கண்கொட்டாமல் பார்த்து, கல்முனைக்கும் முல்லைத்தீவுக்கும் சொல்லிவிட ஓர் ஏற்பாடு இந்த நாட்டில் இருக்கவில்லை. 30,000க்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் ஜெர்மனியின் உதவியோடு ஹக்மனையிலும் மகாகனதராவையிலும் கருவிகள் வந்தன. ஆட்களை வளர்ப்பது அந்த வேகத்தில் நடக்கவில்லை. 2020 ஆகஸ்ட் இறுதியில் திகன, ஹாரகம பகுதிகளில் நிலம் உறுமி அதிர்ந்தபோது அதைப் பார்த்தோம். கல்லுடைக்கும் வெடியா, சுண்ணக்கல் இடிவா, விக்டோரியா நீர்த்தேக்கமா என்று ஆளுக்கொரு விளக்கம் வந்துகொண்டிருந்தது. அந்த ஊர்ச் சனங்கள் இரவில் விழித்திருந்தார்கள்.

ஏழை நாடுகளால் இது முடியாது என்கிறவர்கள் ஹெய்ட்டியைப் பார்க்கட்டும். எங்களைவிடப் பலமடங்கு வறிய நாடு. 2010 ஜனவரி 12இல் தலைநகரமே இடிந்தபோது அங்கே முறையான நிலநடுக்க வலையமைப்பு ஒன்றுகூட இல்லை. பிறகு ஹெய்ட்டி அரச பல்கலைக்கழகத்தினரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். சில நூறு டொலருக்குக் கிடைக்கும் சிறு நிலநடுக்கமானிகளை வாங்கி, சாதாரண சனங்களின் வீடுகளில் வைத்தார்கள். 2021 ஆகஸ்ட் 14இல் 7.2 அளவில் நிலம் அதிர்ந்தபோது அந்த வீட்டுக் கருவிகள்தான் அருகிலிருந்து பதிந்தன. அந்த அளவுகளைக் கொண்டு எழுதிய ஆய்வு அடுத்த ஆண்டு சயன்ஸ் சஞ்சிகையில் வெளிவந்தது. அந்தக் கருவியைச் செய்கிறவர்கள் இருக்கிற இடம் எது தெரியுமா? பனாமா. வெப்பமண்டல நாடு, மலைப் பிரதேசம்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை மின்னலை ஆராய்ந்தது. சித்திரையில் பின்னேரம் இடி இறங்குகிற நாடு இது. மலையில் கூடையோடு நிற்கிறவர்களுக்கு மின்னல் என்றால் என்னவென்று தெரியும். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தோடு பல்லாண்டு உறவு வைத்து, மாணவர்கள் பாதிக் காலம் அங்கும் பாதிக் காலம் இங்குமாகப் படித்தார்கள். இங்கே அளந்ததை அங்கே ஆராய்ந்தார்கள், அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்தார்கள். உப்சாலாவில் பேராசிரியரான வேர்னன் கூரே இந்த நாட்டுக்காரர். மின்னலைப் பற்றி உலகம் படிக்கிற நூல்களைத் தந்தவர். பணக்கார நாட்டிடம் இல்லாத ஒன்று கொழும்பிடம் இருந்தது: வெப்பமண்டல வானம். அதுவே மூலதனமாயிற்று.

நமது இருப்பிடமே சொத்து என்பதைத் தமிழர் நாங்கள் முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டும். காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தக் கோட்டின் மேலே, நூறு கிலோமீற்றர் உயரத்தில் பகலெல்லாம் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. துருவ நாட்டில் நின்று அதை அளக்க முடியாது. 1963 நவம்பர் 21இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கேரளத்துத் தும்பாவிலிருந்து கிளம்பியதற்கு அந்த இடமே காரணம். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இந்தியப் புவிக்காந்த நிறுவனம் ஆய்வுகூடம் வைத்திருப்பதும் இதனால்தான். இன்னொன்றும் உண்டு. பூமியின் ஈர்ப்பை வைத்துக் கடல்மட்டத்தை வரைந்தால், உலகிலேயே மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே விழுகிறது. 100 மீற்றருக்கு மேல் தாழ்வு. அது ஏன் என்பதற்கு 2023இல் ஒரு விளக்கம் தந்தவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்து ஆய்வாளர்கள். நமது வாசற்படியில் கிடக்கிற புதிர் அது. காலி முகத்திடலில் நின்று கடலைப் பார்க்கிற நாம் அதை ஒரு தகவலாகக்கூட நமது பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1903இல் இலங்கையின் கனிப்பொருள் அளவை தொடங்கியபோது அதன் முதல் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி, முத்துக்குமாரசுவாமியின் மகன். பலாங்கொடைப் பக்கத்துக் கல்லிலிருந்து தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர். அவர் கலை வரலாற்றுக்குப் போய்ப் பெரும் புகழ் பெற்றார். அது உலகத்துக்கு லாபம். அவர் விட்ட இடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நிற்கவில்லை என்பது எங்கள் நட்டம். இன்றும் இந்த நாட்டில் புவிச்சரிதவியலைத் தனித்துறையாக வைத்திருப்பது பேராதனை. மொரட்டுவையில் புவிவளப் பொறியியல் இருக்கிறது. நல்ல ஆசிரியர்கள், மனத்தோடு வேலை செய்கிறவர்கள். ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் நாட்டு வருமானத்தில் 0.2 வீதம்கூட ஒதுக்காத அரசை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ விரிவுரையாளர்கள் குடும்பத்தோடு நாட்டை விட்டார்கள். படிக்க வைத்தால் போய்விடுவார்கள், ஆகவே செலவு வீண் என்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. அளக்கக் கருவியும், பேச நான்கு சகாக்களும், முடிக்க ஒரு கேள்வியும் இருந்தால் பாதிப்பேராவது நிற்பார்கள். பாகிஸ்தானின் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் லாகூரில் தனியாக இருந்து பார்த்து, தாங்காமல் வெளியேறியவர். 1964இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் அவர் ஒரு பௌதிகவியல் மையத்தைக் கட்டியது, தன்னைப்போல் வேறு யாரும் அறிவுக்காக நாட்டை விட வேண்டிவரக் கூடாது என்பதற்காக.

இனி, என்னைத் தூங்கவிடாத மறுப்புக்கு வருகிறேன். மீரியபெத்தை.

2014 அக்டோபர் 29. கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தோட்டம். காலையில் மலை இறங்கி லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள் என்ற செய்தி பிறகு வெளிவந்தது. இதை வைத்துத்தான் கேட்கிறார்கள்: அறிவு இருந்ததே, எச்சரிக்கை இருந்ததே, என்ன பயன்? குறை ஆய்வில் இல்லையே, நிர்வாகத்தில்தானே?

பாதி உண்மை, அதனால் கனமான கேள்வி. மீரியபெத்தையில் சனங்களை இடம் மாற்றாதது நிர்வாகத்தின் குற்றம். எந்த ஆய்வும் அதைக் கழுவாது. ஆனால் அந்த எச்சரிக்கை என்னவாக வந்தது என்று யோசியுங்கள். மேலேயிருந்து வந்த ஒரு காகிதம். இந்தப் பிரதேசம் ஆபத்து, வெளியேறுங்கள். எங்கே போக? அதே தோட்டத்தில் எந்த மண் உறுதியானது? காகிதத்தில் அது இல்லை. தோட்ட நிர்வாகத்தின் காணியில் இருக்கிற ஒரு குடும்பம், தனக்கென்று ஓர் அடி நிலம் இல்லாத குடும்பம், எங்கே போகும்? ஆண்டுக்காண்டு மழை வரும், எச்சரிக்கை வரும், ஒன்றும் நடக்காது, திரும்பி வருவார்கள். மூன்றாம் முறை யாரும் கிளம்பமாட்டார்கள். மாவட்டம் முழுவதற்கும் ஒரே சிவப்பு நிறம் பூசினால் அது யாருக்குமே சிவப்பு இல்லை என்றாகிவிடும். இந்தச் சரிவு, இந்த லயத்துக்கு மேலே 40 மீற்றரில் தண்ணீர் ஏறுகிறது, கீழே அந்தப் பள்ளிக்கூட மைதானம் பாறைமேல் நிற்கிறது, அங்கே போங்கள் என்று சொல்ல முடிந்தால் சனங்கள் போவார்கள். அதைச் சொல்கிறவள் அதே தோட்டத்துப் பிள்ளையாக, மாதம் ஒருமுறை கம்பியும் பெட்டியும் சுமந்து வந்து அதே சரிவை அளக்கிறவளாக, அம்மாயி வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவளாக இருந்தால் கட்டாயம் போவார்கள். அறிவு வீணானது என்பதற்கு மீரியபெத்தை சாட்சி இல்லை. தூரத்தில் நின்ற அறிவு பாதி வழியில் நின்றுபோகும் என்பதற்குத்தான் சாட்சி.

வீடு முதலில் என்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. லயத்தை விட்டுத் தனி வீடு, 7 பேர்ச் காணி: இந்தக் கோரிக்கைக்காக எங்கள் சனம் எத்தனை ஆண்டு நின்றது! அந்த 7 பேர்ச்சை எங்கே வெட்டிக் கொடுப்பது? மலைநாட்டில் வீடு கட்ட மண் உறுதிச் சான்றிதழ் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளைக் குலைத்த பிறகு, நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த பிறகு, அந்தக் கேள்வி ஒவ்வொரு தோட்டத்திலும் நிற்கிறது. எந்த நிலம் நிற்கும்? தெரியாமல் கட்டினால் வீட்டைக் கொடுத்ததாக ஆகாது. ஓர் ஆபத்திலிருந்து எடுத்து இன்னோர் ஆபத்தில் வைத்ததாக ஆகும். வீடும் ஆய்வும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கிறவர்கள் இரண்டையும் தாமதிக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய மாளிகை இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் ஒரே ஒரு சரிவு. தேயிலை மலை, மேலே காடு, நடுவே லயன், கீழே ஆறு என்று இந்தப் பகுதியில் எங்கும் கிடைக்கிற சாதாரணச் சரிவு. பேராதனையோ மொரட்டுவையோ அதைப் பத்து ஆண்டுக்குத் தத்தெடுக்கட்டும். நிரந்தரமாக நட்ட மின்முனைகள், நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் இரண்டு மூன்று குழாய்கள், ஒரு சிறு நிலநடுக்கமானி, ஒரு மழைமானி. அளவுகள் இந்த நாட்டிலேயே இருக்கட்டும், யார் கேட்டாலும் கொடுக்கட்டும். வெளிநாட்டு ஆய்வாளர் தாராளமாக வரட்டும். எங்கள் மாணவரின் பெயர் இல்லாமல் எங்கள் மலையைப் பற்றிய கட்டுரை வெளிவராது என்று ஒரு விதி இருக்கட்டும். துறைக்குத் தமிழில் எழுதிய ஒரு கைநூல் வேண்டும். தமிழில் பௌதிகவியல் படித்துவிட்டு வருகிற தோட்டத்துப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே மொழியில் தடுக்கி விழக் கூடாது. தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத இடங்கள் இருக்கும்வரை இந்தப் பிள்ளை எங்கிருந்து வருவாள் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்காகவும் சண்டை போடத்தான் வேண்டும், இதோடு சேர்த்தே.

அதுவரை கையில் இருப்பதைக் காப்போம். பழைய தோட்டங்களில் நாளாந்த மழையை அளந்து புத்தகத்தில் எழுதும் வழக்கம் வெள்ளைக்கார துரைமார் காலத்திலிருந்து இருக்கிறது. எந்த நாளில் எத்தனை அங்குலம் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிய கணக்கு அது. எந்த மலை எப்போது சரிந்தது, எந்தப் பீலி எப்போது வற்றியது, எந்தக் கானை வெட்டாமல் விட்ட பிறகு எந்த ரோட்டு இறங்கியது என்பது முதியவர்களின் வாயில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே எங்கள் முதல் ஆய்வேடு. ஆசிரியர்களே, பிள்ளைகளே, கணக்கப்பிள்ளைமாரே, உங்கள் தோட்ட ஆபீஸில் அந்தப் பழைய மழைப் புத்தகங்கள் இருந்தால் பழைய பேப்பரோடு போக விடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். தோட்டத்தின் பெயரையும் மலை நம்பரையும் எழுதி ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பேராதனைப் புவிச்சரிதவியல் துறைக்கு அனுப்புங்கள்.